மலை எல்லோருக்கும் சொந்தம்; உள்ளே இருக்கும் மணிக்கல் யாருக்கு?

அமெரிக்காவில் சிலர் கடப்பாரையும் உளியும் தூக்கிக்கொண்டு மலையேறி, நீல நிற மணிக்கற்களோடு இறங்கி வரும் காணொளிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். "அங்கே யார் வேண்டுமானாலும் அரசு மலையைத் தோண்டலாம், கிடைத்தது அவரவருக்கு" என்பது ஒன்று. "அந்த மலையையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. உண்மை இரண்டுக்கும் நடுவே, சற்றுச் சிக்கலான ஓரிடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் பாறையியலும் தெரிந்தால் போதும்.

விளக்குவதற்கு ஒரே மலையை எடுத்துக்கொள்கிறேன்: கொலராடோ மாநிலத்தின் சவாட்ச் மலைத்தொடரில் இருக்கும் மவுண்ட் அன்டெரோ. உயரம் சுமார் 4,350 மீட்டர். சான் இசபெல் தேசியக் காட்டுக்குள் அடங்கியது, அதாவது பொதுநிலம். 1880-களிலிருந்து அதன் உச்சியை ஒட்டிய சரிவுகளில் அக்வாமரின் என்ற நீலக்கல்லை மக்கள் தோண்டி வருகிறார்கள். கொலராடோ 1971-இல் அக்வாமரினைத் தன் மாநில மணிக்கல்லாக அறிவித்ததற்கு இந்த மலையே முதன்மைக் காரணம்.

பொதுநிலம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அன்டெரோ என்பது யூட் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர். 1880-களின் தொடக்கத்தில் யூட் மக்கள் கொலராடோவின் பெரும்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிடமிருந்து போன நிலம்தான் பிறகு "எல்லோருக்கும் சொந்தம்" ஆனது.

புளியமரக் குத்தகை

நம் நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கும் புளியமரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை அரசுடையது. நிழலில் யாரும் ஒதுங்கலாம், வண்டியை நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஆனால் புளி உலுக்கும் உரிமை ஏலத்தில் குத்தகை எடுத்தவருக்கு மட்டுமே. வேறொருவர் கோணிப்பையோடு வந்து உலுக்கினால் அது திருட்டு. அதே சமயம் குத்தகைதாரரும் மரத்தை வெட்டிவிட முடியாது. "என் மரத்தடியில் நிற்காதே" என்று வழிப்போக்கரை விரட்ட முடியாது. சாலையோரத்தில் குடிசை போட்டுத் தங்கிவிட முடியாது.

மவுண்ட் அன்டெரோவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நிலம் அரசிடமே இருக்கிறது. நடந்து திரியும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கனிமத்தை எடுக்கும் உரிமை மட்டும், குறிப்பிட்ட எல்லைக்குள், ஒருவருக்குப் போகிறது. அந்த உரிமைக்கு கிளெய்ம் என்று பெயர்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புளியமரத்தை அரசு ஏலம் விடுகிறது, பணம் கஜானாவுக்குப் போகிறது. கிளெய்ம் அப்படியல்ல. ஏலமே கிடையாது. கனிமத்தைக் கண்டுபிடித்தவர் தானே எல்லை குறித்துப் பதிவு செய்துகொள்கிறார். எடுத்த கல்லுக்கு மத்திய அரசுக்கு உரிமைத்தொகையும் கட்ட வேண்டியதில்லை. இது சரியா என்று அங்கே பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. ஒரு பொதுச்சொத்திலிருந்து எடுக்கும் பொருளுக்கு ஒரு சிறு பங்காவது பொதுவுக்குப் போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

கல் எங்கிருந்து வருகிறது?

சட்டத்துக்குள் போகும் முன் பாறைக்குள் போக வேண்டும். ஏனென்றால் இந்தச் சட்டத்தில் உரிமையின் அடிப்படையே கண்டுபிடிப்புதான். அக்வாமரின் மலை முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு.

சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக இறுகியது. குளிரும்போது வழக்கமான கனிமங்கள் முதலில் படிகமாகின்றன. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா ஆகியவை அவை. பெரிலியம், ஃபுளூரின் போன்ற சில தனிமங்களுக்கு அந்தப் படிகங்களின் கட்டமைப்பில் சரியான இடம் கிடைப்பதில்லை. அவை எஞ்சிய குழம்பிலேயே தங்கிவிடுகின்றன, நீரும் அப்படியே. கடைசியில் மிஞ்சுவது நீர் நிறைந்த, அரிய தனிமங்கள் செறிந்த ஒரு சிறு பகுதி. அது விரிசல்களுக்குள் புகுந்து இறுகும்போது மிகப் பெரிய படிகங்களைக் கொண்ட பாறையாகிறது. அந்தப் பாறைதான் பெக்மடைட். சாதாரண கிரானைட்டில் மணி மணியாகத் தெரியும் கனிமங்கள் இதில் விரல் அளவுக்கும் உள்ளங்கை அளவுக்கும் வளர்ந்திருக்கும்.

பெக்மடைட்டுக்குள்ளும் எல்லா இடமும் கெட்டியாக இருப்பதில்லை. நீரும் வாயுவும் பிரிந்து தங்கிய இடங்களில் சிறு வெற்றிடங்கள் உருவாகின்றன. இவற்றைப் பொந்து என்று அழைப்போம். கெட்டிப் பாறைக்குள் வளரும் படிகத்தைப் பக்கத்துப் படிகங்கள் நெருக்கும், அதற்கு வடிவம் கிடைக்காது. பொந்துக்குள் வளரும் படிகத்துக்கு முன்னால் வெறும் இடம் இருக்கிறது. அதனால்தான் அது தட்டையான முகங்களோடும், தெளிந்த உட்புறத்தோடும், கூரான முனையோடும் வளர்கிறது.

அக்வாமரின் என்பது பெரில் என்ற கனிமத்தின் ஒரு நிறம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்ந்தது பெரில். சிறிதளவு இரும்பு கலந்தால் நீலம். குரோமியமோ வனேடியமோ கலந்தால் பச்சை, அதுவே மரகதம். இந்தக் கனிமம் நமக்குப் புதிதன்று. காங்கேயம் பக்கத்துப் படியூரில் நீலப் பெரில் தோண்டி எடுக்கப்பட்டது. கொடுமணல் அகழாய்வில் மணிக்கல் பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்தன. பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று ரோம் நாட்டு எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

சுருங்கச் சொன்னால்: கிரானைட் குளிர்ந்தபோது கடைசியாக மிஞ்சிய குழம்பு பெக்மடைட் ஆனது; அதற்குள் இருக்கும் பொந்துகளில்தான் நல்ல படிகங்கள் உண்டு. மலை பெரிது, பெக்மடைட் குறைவு, பொந்து அதிலும் குறைவு.

பொந்தைக் கண்டுபிடிப்பது

"அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்" என்று சொல்லிவிடுவது எளிது. அனுபவப்பட்டவர்கள் அப்படித் தேடுவதில்லை. அவர்கள் முதலில் பார்ப்பது தரையை. அந்த உயரத்தில் விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து, விரிந்து, பாறையைப் பிளக்கிறது. மேற்பரப்புக்கு அருகிலிருந்த பொந்துகள் இப்படி உடைந்து, உள்ளே இருந்த படிகங்கள் சரிவில் உருண்டு சிதறுகின்றன. இந்த உதிரிக்கற்கள்தான் முதல் தடயம். ஒரு பக்கம் தட்டையாக, கண்ணாடி போல் பளபளக்கும் புகைநிறக் குவார்ட்ஸ் துண்டு ஒன்று கிடைத்தால், அது எங்கோ ஒரு வெற்றிடத்தில் வளர்ந்தது என்று பொருள். கீழே கிடப்பவற்றைப் பார்த்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். துண்டுகள் அடர்த்தியாகிக்கொண்டே போய், ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில்தான் தோண்ட வேண்டும்.

தோண்டத் தொடங்கியதும் பெக்மடைட் கோடு ஒன்று தென்படலாம். சில இடங்களில் விரல் அகலம், சில இடங்களில் முழங்கை அகலம். அது அகலமாகும் இடத்தை நோக்கிப் போகிறார்கள். படிகங்கள் பெரிதாகிக்கொண்டே வருவதும், கெட்டிப் பாறைக்குப் பதில் செம்பழுப்புக் களிமண் தட்டுப்படுவதும் நல்ல அறிகுறிகள். கடப்பாரை திடீரென்று எதிர்ப்பின்றி உள்ளே போனால், கடப்பாரையைக் கீழே வைத்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இங்கிருந்து வேலையின் தன்மையே மாறுகிறது. பொந்துக்குள் இரும்பு போகக்கூடாது. மூங்கில் குச்சியோ மரத்துண்டோ கொண்டு களிமண்ணை மெல்லச் சுரண்டி எடுக்கிறார்கள். உள்ளே உடைந்த குவார்ட்ஸ் விளிம்புகள் சவரக் கத்திக்கு நிகரான கூர்மை கொண்டவை. கையுறை இல்லாமல் விரல் விட்டால் கிழித்துவிடும். கல் அசையாவிட்டால் இழுப்பதில்லை, சுற்றியிருக்கும் மண்ணை இன்னும் எடுக்கிறார்கள். பல கோடி ஆண்டுகளில் நிலம் அசைந்ததால் பல படிகங்கள் பொந்துக்குள்ளேயே உடைந்திருக்கும். எந்தத் துண்டு எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துவைத்தால்தான் பிறகு பொருத்தி ஒட்ட முடியும். வெளியே எடுத்த கல்லைச் சட்டென்று கடும் வெயிலில் வைப்பதும் இல்லை. திடீர் வெப்ப மாற்றம் அதில் விரிசல் விழ வைத்துவிடும். காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்து, வீட்டில்தான் கழுவுகிறார்கள். இரும்புக் கறையை நீக்க ஆக்சாலிக் அமிலம் பயன்படுகிறது.

வெடியும் இயந்திரமும் இல்லாமல் கைக்கருவி மட்டும் ஏன் என்று கேட்டால், இதுவே விடை. ஏழ்மையாலோ பழமைப் பற்றாலோ அல்ல. வெடி வைத்தால் பாறையோடு படிகமும் நொறுங்கும். முனை உடைந்த அக்வாமரினைப் பட்டை தீட்டி நகைக்கல் ஆக்கலாம். ஆனால் முழுமையாக, தான் வளர்ந்த தாய்ப்பாறையோடு வெளிவந்த படிகத்துக்கு அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் கொடுக்கும் விலை வேறு. 2004-இல் மவுண்ட் அன்டெரோவில் ஒரு பொந்திலிருந்து வந்த அக்வாமரின்கள் டென்வர் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவந்தது பொறுமை.

கிளெய்ம்: உரிமை எப்படிப் பிறக்கிறது?

அமெரிக்கப் பொதுச் சுரங்கச் சட்டம் 1872 மே 10 அன்று அதிபர் யுலிசீஸ் கிராண்ட் கையெழுத்திட்டு நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் 1848-இல் தங்கம் கிடைத்ததும் ஓடிவந்த கூட்டம், தகராறு வராமலிருக்கத் தங்களுக்குள் சில வழக்கங்களை வகுத்துக்கொண்டது. முதலில் கண்டவருக்கு உரிமை, எல்லை குறிக்க வேண்டும், வேலை செய்தால்தான் உரிமை நிலைக்கும் என்பவை அவை. 1872 சட்டம் பெரிதும் அந்த வழக்கங்களின் எழுத்து வடிவம். மணிக்கற்களும் இதில் அடங்கும்.

பாறைக்குள் ஓடும் கனிமக் கோட்டுக்கான கிளெய்ம் அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம்; சுமார் 20 ஏக்கர். மணலிலும் சரளையிலும் கிடக்கும் கனிமத்துக்கு வேறு வகைக் கிளெய்ம் உண்டு. எல்லையில் கம்பங்கள் நட்டு, அறிவிப்பு வைத்து, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்திலும் நில மேலாண்மைத் துறையிலும் பதிய வேண்டும். நில மேலாண்மைத் துறை என்பது பொதுநிலக் கனிம உரிமைகளின் பதிவேட்டை வைத்திருக்கும் மத்திய அரசுத் துறை. பதிவுக்குக் கெடு 90 நாள். காட்டின் மேற்பரப்பை வனத்துறை கவனிக்கிறது. அடியிலிருக்கும் கனிமத்தின் பதிவேடு மட்டும் இந்தத் துறையிடம்.

வெறுமனே கம்பம் நட்டால் போதாது. மதிப்புள்ள கனிமம் உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். எது "மதிப்புள்ளது"? 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதற்கு அளவுகோல் வைத்தது: விவரமுள்ள சாதாரண மனிதர் ஒருவர், பலன் கிடைக்கும் என்ற நியாயமான நம்பிக்கையோடு தன் உழைப்பையும் பணத்தையும் அங்கே போடத் துணிவாரா? துணிவார் என்றால் அது கண்டுபிடிப்பு.

உரிமையைத் தக்கவைக்க ஆண்டுதோறும் செப்டம்பர் 1-க்குள் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 2024-இல் இது ஒரு கிளெய்முக்கு 200 டாலராக உயர்ந்தது. பத்து அல்லது அதற்கும் குறைவான கிளெய்ம் வைத்திருக்கும் சிறு சுரங்கக்காரர் விலக்குக் கேட்கலாம். பதிலுக்குக் கிளெய்ம் ஒன்றுக்குக் குறைந்தது 100 டாலர் மதிப்புள்ள வேலை செய்து காட்ட வேண்டும். 1872-இல் வைத்த அதே 100 டாலர், இன்றும் மாறவில்லை.

கெடு தவறினால் இரக்கம் கிடையாது. நெவாடாவில் ஒரு குடும்பம் பத்துக் கிளெய்ம்களில் சரளை எடுத்துத் தொழில் செய்துவந்தது. ஆண்டுப் பதிவை "டிசம்பர் 31-க்கு முன்" தாக்கல் செய்ய வேண்டும் என்றிருந்தது சட்டம். அவர்கள் டிசம்பர் 31 அன்றே தாக்கல் செய்தார்கள். ஒரு நாள் தாமதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் சொன்ன நாள் சொன்ன நாள்தான் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது.

கிளெய்ம் எதைத் தராது?

கூடுதலாகக் குழப்பம் நிலவுவது இங்கேதான். கிளெய்ம் வைத்திருப்பவர் "என் மலை" என்று சொல்வதைக் கேட்டு, நிலமும் அவருடையது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் கிளெய்மை முழுச் சொத்தாக மாற்றும் வழி இருந்தது. அதற்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1994 அக்டோபர் முதல் தடை நிலவுகிறது. அதன்பின் தொடங்கிய கிளெய்ம்கள் கனிம உரிமையாக மட்டுமே நிற்கின்றன.

1955-ஆம் ஆண்டுச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. கிளெய்ம் பகுதியின் மேற்பரப்பில் பொதுமக்கள் நடக்கலாம், முகாமிடலாம், வேட்டைக்குப் போகலாம். சுரங்க வேலைக்கு இடையூறு கூடாது, அவ்வளவுதான். கிளெய்ம்காரர் அங்கே வீடு கட்டிக் குடியேற முடியாது. தேசியப் பூங்காக்களில் புதிய கிளெய்முக்கு இடமில்லை. பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளிலும் 1984 முதல் கதவு மூடப்பட்டது.

ஆக, நடப்பவரை விரட்ட முடியாது. நடப்பவர் குனிந்து கல்லைப் பொறுக்கவும் முடியாது. கிளெய்முக்குள் தரையில் கிடக்கும் உதிரி அக்வாமரின்கூடக் கிளெய்ம்காரருடையது. "மண்ணில் கிடந்ததைத்தானே எடுத்தேன்" என்ற சமாதானம் செல்லாது. பல மாதம் தேடிக் கனிமக் கோட்டைக் கண்டுபிடித்த ஒருவரின் உழைப்பு, அவர் கீழே இறங்கிய ஒரே இரவில் களவு போவது அங்கே நடக்கிறது. இதைச் சாகசமாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கைக்கருவி என்றால் கேடில்லையா?

இயந்திரச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் கேடு மிகக் குறைவுதான். அதனால்தான் கைக்கருவியோடு செய்யும் மிகச் சிறு வேலைக்குப் பெரும்பாலும் முன் அனுமதி கேட்பதில்லை. நிலத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கலைக்கும் வேலை என்றால், வனத்துறையிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நிலத்தைச் சீராக்குவதற்கு வைப்புத்தொகையும் கேட்பார்கள்.

ஆனால் மரங்கள் வளராத உயரத்தில் தரையை ஒட்டிப் படரும் செடிகள் மிக மெல்ல வளர்பவை. ஆண்டில் சில வாரங்களே அவற்றுக்கு வளர்ச்சிக் காலம். ஒரு பிக்காசு பெயர்த்த மண்மூடி மீண்டும் பசுமையாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து, முடிந்ததும் குழியை மூடி, அதை மேலே பரப்புவதே முறை.

தோண்டுபவருக்கும் ஆபத்து உண்டு. பெக்மடைட் கோட்டைத் துரத்திக்கொண்டு பக்கவாட்டில் வளை தோண்டிப் போவதுதான் மிக மோசமான பழக்கம். மேலே தொங்கும் பாறைக்கும் மண்ணுக்கும் தாங்கல் எதுவும் இல்லை. மேலிருந்து திறந்த குழியாக இறங்குவது மெதுவான வேலை, ஆனால் உயிர் காக்கும். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மொட்டைச் சரிவில் கையில் இரும்புக் கடப்பாரையோடு நிற்பவருக்கு மின்னல் அருகில்தான் இருக்கிறது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. பனி விலகி மீண்டும் மூடும் வரை கிடைக்கும் காலம் ஏறத்தாழ ஜூலை முதல் செப்டம்பர் வரை.

நம்மவர்கள் போகலாமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் வார இறுதியில் மலையேறுகிறார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது: கிளெய்ம் பதிய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அல்லது குடியுரிமை பெறும் எண்ணத்தை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் பெயரில் கிளெய்ம் எடுக்க முடியாது.

அதற்காகக் கல்லையே தொடக்கூடாது என்றில்லை. கிளெய்ம் இல்லாத, தடை இல்லாத பொதுநிலத்தில், விற்பனைக்கு அல்லாமல் சொந்த விருப்பத்துக்காகச் சிறிதளவு கற்கள் சேகரிக்கப் பொதுவாக அனுமதி உண்டு. அந்த இடம் கிளெய்ம் இல்லாததுதானா என்று உறுதி செய்வது உங்கள் பொறுப்பு. கம்பம் எதுவும் கண்ணில் படவில்லை என்பது சான்றாகாது. பனியும் காற்றும் கம்பத்தைச் சாய்த்துவிடும். நில மேலாண்மைத் துறையின் இணையப் பதிவேட்டைப் பாருங்கள், கவுண்டி அலுவலகத்தைக் கேளுங்கள், வனத்துறையின் உள்ளூர் அலுவலகத்தில் அந்தப் பகுதிக்கான விதியை விசாரியுங்கள். மவுண்ட் அன்டெரோவின் நல்ல இடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், அங்கே போய்த் தோண்டலாம் என்று கிளம்ப வேண்டாம்.

எளிய வழி இரண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடும் தனியார் இடங்கள் உண்டு. கனிம ஆர்வலர் சங்கங்களில் சில சொந்தமாகக் கிளெய்ம் வைத்திருக்கின்றன. உறுப்பினராகச் சேர்ந்தால் அவர்களோடு போய்த் தோண்டலாம், உதிரிக்கல்லைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவதை.

ஊர் திரும்பியதும் இதே ஆர்வத்தோடு கடப்பாரையைத் தூக்கிவிடாதீர்கள். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமமோ குத்தகையோ இல்லாமல் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம். கண்டுபிடித்தவரே எல்லை குறித்துக்கொள்ளும் வழி இங்கே இல்லை.